தண்ணீர் என்று நான் எழுதிய பால்

பாலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்வதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊருக்கே தெரிந்திருந்ததால் சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

எழுபதுகளின் நடுவில் கிழக்குப் பாலக்காட்டில் ஒரு பால் சங்கத்துக்கு நான் செக்ரட்டரி. மீனாட்சிபுரத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஊர். கிழக்கே கொஞ்சம் வேகமாக நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். ஊர்க்காரர்கள் பேசியது கோயமுத்தூர்த் தமிழ். சர்க்கார் காகிதம் வந்தது மலையாளத்தில். நான் பேசியது கல்பாத்தி அக்ரகாரத்துத் தமிழ். மூன்றுக்கும் நடுவே மாடுகள்தான் நிதானமாக இருந்தன.

மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்த மாடுகள். அவை செய்யுளின் இரண்டாம் அடியில் வந்து, கன்றை நினைத்துப் பால் சொரிந்துவிட்டு, நான்காம் அடிக்குள் போய்விடும். சாணி போடாது. சங்கத்துப் பிரசிடெண்டு என்னை வேலைக்கு எடுத்தபோது, "மலையாளத்துல கடுதாசி எழுதுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். எழுதுவேன் என்றேன். மாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அந்தக் கேள்வி வராததை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பிற்பாடு யோசித்தால், அங்கேயே ஆரம்பித்திருக்கிறது எல்லாம்.

வேலை எளிது. காலையும் மாலையும் பால் வரும். அதில் ஒரு குவளை எடுத்து டிகிரி பார்க்கிற கோலை விட வேண்டும். கண்ணாடிக் குழாய், அடியில் ஈயக் குண்டு, கழுத்தில் எண்கள். பால் நல்ல பாலாக இருந்தால் கோல் தலையை நிமிர்த்தி மிதக்கும். தண்ணீர் கலந்திருந்தால் முங்கும். இருபத்தெட்டில் நின்றால் பால். அதற்குக் கீழே போனால் தண்ணீர். பாலையும் நீரையும் பிரிக்கிற பறவையைப் பற்றி எத்தனையோ கவிகள் பாடியிருக்கிறார்கள். நான் கோலைக் கையில் பிடித்த மறுவாரமே பிரசிடெண்டு என்னைப் பார்த்து, "நம்ம செக்ரட்டரி அன்னப்பட்சிங்க" என்றார். எனக்கு இறக்கையே முளைத்துவிட்டது.

வாசலில் ஒரு கரும்பலகை. டிகிரி குறைந்தவரின் பெயரை அதில் எழுதி, பக்கத்தில் 'தண்ணீர்' என்று போட வேண்டும். பிரசிடெண்டின் ஏற்பாடு இது. ஒரு மாதத்தில் பத்துத் தடவை பெயர் ஏறினால், மலையாளத்தில் 'காரணம் காணிக்கல் நோட்டீஸ்' என்று ஒன்று போகும்: ஏன் உன்னை நீக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டு. காட்டாவிட்டால் சங்கத்தில் இடமில்லை. பிறகு டீக்கடைக்காரரிடம்தான் ஊற்ற வேண்டும், அவர் சொன்னதுதான் அளவு.

வரிசைக்கும் ஒரு சட்டம் இருந்தது. இது யாரும் எழுதி வைக்காதது, ஆகவே யாரும் மீறாதது. அளக்கிற இடத்துக்கு முன்னால் நீளமாக ஒரு கல். வந்தவர்கள் வந்த வரிசையில் போசியை, அதாவது பால் பாத்திரத்தை, அதன்மேல் வைப்பார்கள். முன்னால் இருக்கிற போசியை அளக்காமல் பின்னால் இருப்பதை அளக்கக் கூடாது. வைத்தவர் எங்கேயாவது போயிருந்தால் வரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் போசியை இன்னொருவர் தொட்டு நகர்த்துவது என்பது கிடையவே கிடையாது. எந்தக் காலத்திலோ ஒருவர் நகர்த்தியதற்காக இரண்டு வீடுகள் கல்யாணம் காட்சிக்குப் போய்வராமல் இருந்தன. நகர்த்தியவரும் இல்லை, போசிக்காரரும் இல்லை, போசியும் ஈயம் போய் ஓட்டையாகிவிட்டது. சண்டை மட்டும் திடகாத்திரமாக இருந்தது.

நான் சேர்ந்தபோது சங்கம் ஊரின் மேற்குக் கோடியில், பிரசிடெண்டின் பழைய வைக்கோல் கொட்டகையில் இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கிழக்குக் கோடியில், ரோட்டோரமாக, பால் வண்டி வந்து நிற்கிற மாதிரி புதுக் கட்டடம் கட்டினார்கள். பஞ்சாயத்துக்காரர்கள் பக்கத்திலேயே ஒரு கைப்பம்பும் போட்டுக் கொடுத்தார்கள். எதிரே ஒரே ஒரு வீடு. இரண்டு மாடு வைத்திருந்த ஓர் அம்மாவின் வீடு. நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரரும் இருந்தார்; பேசுகிற வேலை முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்.

அந்த அம்மாவுக்குப் பால் விஷயத்தில் ஒரு கொள்கை. கறந்த பால் வீட்டில் நிற்கக் கூடாது. கறந்து வைத்துவிட்டு மற்ற வேலை பார்க்கிறவள் சோம்பேறி. ஆகவே சங்கத்துக் கதவின் தாழ்ப்பாளை நான் விலக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் மாட்டடியில் உட்காருவார். நான் மேஜையைத் துடைத்து முடிப்பதற்குள் ரோட்டைத் தாண்டி வந்து, நுரை அடங்காத போசியைக் கல்லின் முதல் இடத்தில் வைத்துவிடுவார். மற்றவர்கள் எல்லாம் அரை மைல், ஒரு மைல் நடந்தோ சைக்கிளிலோ வர வேண்டியவர்கள்.

புதுக் கட்டடத்துக்கு வந்த முதல் வாரமே அந்த அம்மாவின் பாலில் கோல் முங்க ஆரம்பித்தது. இருபத்தைந்து. மறுபடியும் இருபத்தைந்து. நான் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தேன்.

"ஏனுங் சாமி, என்ன எழுதறீங்?"

"டிகிரி இருபத்தஞ்சாக்கும், அம்மா."

"அதுக்கு?"

"தண்ணி."

"தண்ணி எங்கூட்டுக் கெணத்துல இருக்குதுங்க. போசில பாலுதான் இருக்குது."

"கோல் சொல்றதே."

"கோலு என்னைக்குங்க மாடு கறந்துச்சு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காரணம் கண்டுபிடிக்க யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பம்பு. வீட்டு வாசலில் பம்பு வந்தது, பாலில் தண்ணீர் வந்தது. இதைவிடத் தெளிவாக எதுவும் இருக்க முடியாது. டீக்கடையில் 'தண்ணிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். கெட்ட பெயருக்குக் கால் வேண்டாம், பஸ் போதும். புதுக் கட்டடத்தருகே பஸ் நிற்கத் தொடங்கியதும், "தண்ணிக்காரி ஊடெல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் கூவினார். அந்த வீட்டுக்காரரே ஒருநாள் அந்தக் குரலுக்கு எழுந்து இறங்க வேண்டியிருந்தது. இறங்கி, வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் பஸ் ஏறவில்லை. மீனாட்சிபுரத்துக்கு நடந்தே போய் வந்தார்.

பத்துத் தடவை ஆயிற்று. நோட்டீஸை நான்தான் எழுதினேன். அகராதியெல்லாம் புரட்டி, நல்ல கனமான மலையாளத்தில், எனக்கே இரண்டு இடங்களில் அர்த்தம் புரியாத அளவுக்குச் சிறப்பாக எழுதினேன். ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு மலையாளம் மட்டுமல்ல, எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

"படிச்சுச் சொல்லுங்க சாமி."

என் கடிதத்தை நானே வாசலில் நின்று தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. மலையாளத்தில் கம்பீரமாக இருந்ததெல்லாம் தமிழில் சொன்னபோது, பக்கத்து வீட்டுக்காரன் திட்டுவது போல இருந்தது.

"காரணம் நான் காட்டோணுமா?"

"பதினஞ்சு நாளைக்குள்ளே."

"பதினஞ்சு நாளு எதுக்குங்க? நாளைக்கு வெடியால கட்டுத்தரைக்கு வாங்க. நீங்களே போசியக் கழுவுங்க, நீங்களே புடிங்க, நீங்களே தூக்கீட்டுப் போங்க. நான் மடியைத் தொட்டுக் கறக்கற வேலைய மட்டும் பாக்கறேன்."

போனேன். உண்மையைச் சொன்னால், கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். மாடு கட்டுகிற அந்தத் தரையில் என் வேட்டி நுனி எதில் பட்டது என்பதைச் சொல்லப் போவதில்லை. போசியை நானே கழுவி, என் மேல்துண்டால் ஈரமில்லாமல் துடைத்தேன். மாட்டின் அடியில் நானே குந்தி, போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாடு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்து, நோட்டீஸ் எழுதியவன் இவன்தானா என்பது போல மூச்சு விட்டது. கண்ணைச் சிமிட்டாமல் கடைசிச் சொட்டு வரை பார்த்தேன். நானே ரோட்டைத் தாண்டினேன். நானே கோலை விட்டேன்.

இருபத்தைந்து.

அந்த நிமிடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் கோலைச் சந்தேகித்திருப்பான். நான் மாட்டைச் சந்தேகித்தேன்.

பிரசிடெண்டிடம் போய்ச் சொன்னபோது அவர் சற்றும் அசரவில்லை. "பம்புத் தண்ணியக் குடிச்சுப்போட்டு அப்படியே மடிக்கு எறக்குதுங்க. சீமைக் கலப்பு மாடு. அதுக்கு அந்தப் புத்தி உண்டு" என்றார். நம்பினேன். அந்த அம்மாவிடம் போய், மாட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் காட்டுங்கள் என்றேன். காட்டினார். இருபத்தைந்து. பாலக்காட்டு நூலகத்திலிருந்து கால்நடைப் புத்தகம் ஒன்று எடுத்து வந்து, பருத்திக்கொட்டையைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். இருபத்தைந்து. கோலே கெட்டுப்போயிற்றோ என்று வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஒழுங்காகப் பூஜ்யம் காட்டியது. சீமை மாட்டை விட்டுவிட்டு நாட்டுமாட்டின் பாலை மட்டும் தனியாகக் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் முங்கியது. எனக்குத் தோன்றியதையெல்லாம் அந்த அம்மா செய்தார். செய்கிறபோதெல்லாம் ஏதாவது சொல்லவும் செய்தார்.

"அடுத்தாப்பல என்னுங்க சாமி? மாட்டுக்கு மலையாளம் சொல்லிக் குடுத்துப் பாக்கட்டுங்களா?"

கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அந்தப் பாலில் தண்ணீர் இல்லை. ஏனென்றால் நான் பிடித்த போசி அது. ஆனாலும் தினமும் பலகையில் தண்ணீர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். கோல் சொன்னதை எழுதுவது என் வேலை. கண் பார்த்ததை எழுத அந்தப் பலகையில் இடம் இல்லை. வெளியே வெட்கமாக இருந்ததோடு, உள்ளுக்குள் கோபமும் வரத் தொடங்கியிருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் என்பதால் சிகரெட்டை மாற்றிப் பார்த்தேன். குறையவில்லை.

அன்று காலை பால் வண்டிக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. வண்டி ஒரு மணி நேரம் தாமதம். சோதனைக்கு எடுத்த பால் குவளையில் அப்படியே மேஜைமேல் இருந்தது. முதலில் வந்த போசியிலிருந்து, சந்தேகத்துக்காகத் தனியே ஒதுக்கி வைத்த பால், அதாவது எதிர்வீட்டுப் பால். எனக்குக் கை சும்மா இருக்காத சுபாவம். கழுவப் போட வேண்டிய கோலை எடுத்து இன்னொரு தடவை அதில் விட்டேன்.

இருபத்தெட்டரை.

ஒரு மணி நேரத்தில் பால் யோக்கியமாகிவிட்டிருந்தது.

குவளையை மாற்றிவிட்டேனோ என்று நினைத்தேன். மாலையில் மறுபடி செய்தேன், குவளையில் பேனாவால் கோடு போட்டு வைத்து. வந்ததும் இருபத்தைந்து, ஒரு மணி கழித்து இருபத்தெட்டரை. பிறகு அந்தக் குவளையைக் காபிக்கு வைத்திருந்த வெந்நீரில் நிறுத்தி, பால் வெதுவெதுப்பானதும் கோலை விட்டேன். ஐயா சாவகாசமாக முங்கினார். இருபத்தைந்து. எடுத்து ஆற வைத்தேன். எழுந்தார்.

அப்போதுதான் பாலில் விரல் விட்டுச் சூடு பார்த்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக.

பால் சூடாக இருந்தால் இளகி நிற்கும், கோல் உள்ளே போகும். மாட்டின் மடியிலிருந்து நேராக ரோட்டைத் தாண்டி வருகிற பால் மாட்டின் உடம்புச் சூட்டோடு வருகிறது. மேற்குக் கோடியில் சங்கம் இருந்தபோது இதே அம்மா ஒரு மைல் நடந்து, எல்லோருக்கும் கடைசியில் போசியை வைத்து, முறை வருவதற்குள் பால் நன்றாக ஆறிவிடும். அந்த ஆறு மாதத்தில் ஒருநாளும் பெயர் பலகையில் ஏறியதில்லை. மாறியது மாடும் இல்லை, தீனியும் இல்லை, பம்பும் இல்லை. தூரம். அந்த அம்மா செய்த குற்றம் பக்கத்தில் குடியிருந்ததும் சுறுசுறுப்பாக இருந்ததும்தான்.

டிகிரி குறைந்ததும் நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி 'யார்?' என்பது. அதற்குப் பதில் சொல்லக் கரும்பலகை காத்துக்கொண்டிருந்தது. 'எப்போதிலிருந்து?' என்று ஒருவர் கேட்டிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும். பி.ஏ. படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஆகவே கேட்காத பெருமை பெரும்பாலும் எனக்கே சேரும்.

மறுநாள் மாலை கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். பிரசிடெண்டும் நாலைந்து அங்கத்தினர்களும் வந்தார்கள். பிரசிடெண்டு வீட்டுப் பாலையே எடுத்துக்கொண்டேன். அது மாட்டு வண்டியில் சாவகாசமாக வருகிற பால். கோலை விட்டேன். இருபத்தெட்டரை.

"நம்ம பாலு" என்றார் பிரசிடெண்டு, மீசையைத் தடவி.

அதே குவளையை வெந்நீரில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோலை விட்டேன். அது நிதானமாக இறங்கி, இருபத்தைந்தில் போய் நின்றது.

"எழுதட்டுமா?" என்று கேட்டேன். கையில் சுண்ணாம்புக்கட்டி இருந்தது.

ஓர் அங்கத்தினர் இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பிரசிடெண்டு கெட்டிக்காரர். உடனே புரிந்துகொண்டார். அவருக்குப் புரிந்தது என்பதுதான் பிறகு எனக்கு ஆத்திரத்தை உண்டாக்கியது. "சரிங்க. கோல் சமாச்சாரம் சரி. ஆனா நோட்டீஸ் குடுத்தாச்சு. மேலாபீசுக்குக் காப்பி போயாச்சு. இப்ப தப்புன்னு சொன்னா சங்கத்து மானம் என்னுங்க ஆகறது?" என்றார். ஒரு வழியும் வைத்திருந்தார். அந்த அம்மா ஒரு காகிதத்தில் கைநாட்டு வைக்கட்டும்: இனிமேல் இப்படி நடக்காது, மன்னிக்க வேண்டும் என்று. சங்கம் பெருந்தன்மையாக மன்னித்துவிடும். பெயர் நீக்கம் வேண்டாம்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்து, உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், முழுவதையும் கேட்டார். பிரசிடெண்டு உறவு முறையில் அவருக்கு மாமா.

"ஏனுங் மாமா, நான் செய்யாததுக்கு மன்னிப்புக் கேக்கோணும். நீங்க செஞ்சதுக்குப் பெருந்தன்மை. அப்படித்தானுங்க?"

"எம் புள்ள, பேச்சு வளத்தாதே. கைநாட்ட வெச்சா நாளையிலிருந்து எல்லாம் சரியாப் போச்சு. இல்லாட்டி கொஞ்சம் ஆற வெச்சுத்தான் கொண்டு வாயேன்."

"ஆற வெக்க மாட்டேன். என்ற பாலு சுடச்சுடத்தான் வரும். ஆற வெக்கறது உங்க கோலோட வேலை." இதைச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

"சாமி, மன்னிப்புக் கடுதாசியத் தயார் பண்ணுங்க. நாளைக்கு மனசு மாறும்" என்றார் பிரசிடெண்டு.

"எழுத மாட்டேன்" என்றேன்.

எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. கல்பாத்தியில் எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. 'பார்க்கலாம்' என்போம், 'ஆகட்டும்' என்போம், பிறகு செய்யாமல் இருந்துவிடுவோம்.

"வேலை வேணுமா வேண்டாமா உங்குளுக்கு?"

"வேணும். தப்பு என்னுது. நான் தப்பாப் பார்த்தேன்னு எழுதச் சொல்லுங்கோ, இப்பவே எழுதறேன். அந்த அம்மா தப்புப் பண்ணினான்னு இனிமே ஒரு அட்சரம் எழுத மாட்டேன்."

கமிட்டி முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தது; அது அவர்களுக்கு நன்றாக வருகிற காரியம்.

மறுநாள் காலை தாழ்ப்பாளை விலக்கினேன். வழக்கம் போல எதிர்வீட்டு அம்மா முதலில் வந்தார். நுரையோடு போசியைக் கல்லின் முதல் இடத்தில் வைத்து, மூடி போட்டார். நான் அளவுக் குவளையை எடுத்தேன்.

"வேண்டாமுங்க" என்றார். "இன்னைக்கு அளக்க விட மாட்டேன்."

"ஏன்?"

"பலகையில எழுதுனதப் பலகையிலதான் திருத்தோணும். எழுதச் சொன்னவியதான் திருத்தோணும். மாமா வரட்டும்."

சொல்லிவிட்டுப் போசிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஒவ்வொருவராக வந்து போசியை வைத்தார்கள். கல் நிரம்பியது. கல்லைத் தாண்டித் தரையிலும் வரிசை போயிற்று. முதல் போசி அளக்கப்படவில்லை. ஆகவே எந்தப் போசியும் அளக்கப்படவில்லை. ஒருவரும் அதை நகர்த்தச் சொல்லவில்லை. வைதார்கள், ஆனால் பொதுவாக, ஆகாயத்தைப் பார்த்து வைதார்கள். பால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும் என்று டிரைவர் கத்தினார்.

"திரியட்டுமுங்க" என்றார் அந்த அம்மா. "நான் ஒருத்தி மட்டும் இத்தனை நாளாத் திரிஞ்சு போயிக் கெடந்தேன்."

ஆள் போய், பிரசிடெண்டு வண்டியில் வந்து இறங்கினார். அவர் வீட்டுப் பாலும் வரிசையின் கடைசியில் வந்து நின்றது.

"செக்ரட்டரி, அந்தப் போசிய எடுத்து அக்கட்டால வைங்க."

"மாட்டேன்" என்றேன். இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாகத்தான் இருந்தது.

அவர் தானே குனிந்தார். கை போசியின் பக்கம் வரை போனது. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை, தடுக்கவில்லை. ஏறிட்டுப் பார்த்து, "தொடுங் மாமா" என்றார், ஏதோ சாப்பிடச் சொல்கிற மாதிரி.

வண்டி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிரசிடெண்டின் கை அங்கேயே ஒரு கணம் நின்று, பிறகு தன் தோள்துண்டைச் சரிசெய்யப் போயிற்று.

"என்னடா எழுதறது" என்றார் யாரையும் பார்க்காமல். அந்த 'டா' எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

அவரே சுண்ணாம்புக்கட்டியை எடுத்து எழுதினார். 'மேற்படி பால் நல்ல பால். கோல் பார்த்த முறை தப்பு. பிரசிடெண்டு.' அந்த அம்மா என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு வரிசையில் மூன்றாவதாக நின்றவரைக் கூப்பிட்டு, "நீங்க ஒருக்கா படிங்க. இவியள நம்பி நான் பட்டது போதும்" என்றார். அவரும் உரக்க வாசித்தார். அந்த அம்மா சரி என்று தலையை ஆட்டிவிட்டு மூடியை எடுத்தார். "அளங்க."

அன்றிலிருந்து வேலையை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துப் பெயர் ஒட்டிய சீசாவில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைப்பேன். வரிசை முடிந்த பிறகு, எல்லாம் ஒரே மாதிரி ஆறியதும், கோலை விடுவேன். எதிர்வீட்டு அம்மா கடைசிவரை சுடச்சுடத்தான் கொண்டுவந்தார். கோல் முங்கவில்லை. கரும்பலகை அந்த வாரக் கடைசியில் காணாமல் போயிற்று. கொஞ்ச நாள் கழித்துப் பிரசிடெண்டு வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்ததைப் பார்த்தேன். பஸ் கண்டக்டர் மட்டும் பழைய பெயரை விட மாதக்கணக்காயிற்று. அந்த அம்மா ஒருநாள் பஸ்ஸை மறித்துப் பேசியதாகக் கேள்வி. என்ன பேசினார் என்பதைச் சொன்னவர்கள் முழுதும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கண்டக்டர் 'பால் சங்கம்' என்றுதான் கூவினார். அந்த வீட்டுக்காரரும் மறுபடி பஸ் ஏறத் தொடங்கினார்.

நன்றி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு நியாயமும் இல்லை. ஆனால் ஒருவரிடமாவது இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரம் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி டிரைவரைப் பிடித்து உட்கார வைத்தேன். சூடு ஏறினால் அடர்த்தி எப்படிக் குறைகிறது, அதை நான் எத்தனை சோதனைகள் செய்து, எந்தெந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை ஆதியோடந்தமாக விளக்கினேன். மனிதர் பீடி அணையும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அது செரிங் சாமி" என்றார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. "கோல் வந்த பெட்டி மூடிக்கு உள்பக்கமே அதை அச்சடிச்சு ஒட்டியிருப்பாங்களே. நீங்க பெட்டியத் தொறந்துதானுங்க கோலை எடுத்தீங்?"